சவரிமுத்து சார் இறங்க வேண்டிய நிறுத்தம்

ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக மூன்று பஸ் மாறிப் போன ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சவரிமுத்து. கையில் இருந்த பை கனத்தது. பை நிறைய அட்டைகள்.

கடற்கரை ஊர் ஒன்றில், இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளியில் அவர் வேலை பார்த்தார். வயது ஐம்பத்து மூன்று. இருபது வருடமாக நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும்தான் எடுத்திருந்தார். அந்த ஜூன் மாதம் புதிதாக வந்த தலைமையாசிரியை பெரிய வகுப்புகளைத் தானே எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணும் ரெண்டும் உங்களுக்கு சார்" என்றார்.

இரண்டும் சேர்ந்து இருபத்து மூன்று பிள்ளைகள். முதல் நாள் சார் "உட்காருங்க" என்றார். ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். அடுத்த ஐந்து பேரை உட்கார வைப்பதற்குள் முதல் ஐந்து பேர் எழுந்துவிட்டார்கள். ஒரு வாரம் இப்படியே போனது. தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் சொன்னாள்.

"நெட்ல தேடிப் பாருங்கப்பா. சின்னப் பிள்ளைங்களுக்கு விளையாட்டு, பாட்டு, பயிற்சித் தாள் எல்லாம் கொட்டிக் கிடக்கு. எல்லாமே ஃப்ரீ."

தேடினார். கொட்டித்தான் கிடந்தது. அதில் நல்லதாகத் தெரிந்தவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தன. 'சாக்பீஸ் துண்டு' என்று ஓர் இணையதளம். நடத்துபவர் நசீமா என்கிற ஆசிரியை. கடற்கரையை விட்டுத் தள்ளி எங்கோ ஒரு கிராமத்துப் பள்ளியில் அவரும் ஒன்று இரண்டுதான் எடுக்கிறார். அந்தத் தளத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு செயல்பாடுகள் இருந்தன. பெயர் கொடு, பாஸ்வேர்டு கொடு என்று எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே ஒரு வார்த்தை இருந்தது: 'எடுத்துக்கொள்ளுங்கள்.'

சவரிமுத்து சார் முந்நூற்றுப் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டார்.

அச்செடுத்தார். வெட்டினார். லேமினேஷன் போட்டார். அகர வரிசையில் அடுக்கினார். நாளுக்கு இரண்டு செயல்பாடு என்று திட்டம் எழுதி ஒட்டினார்.

எதுவும் அந்தத் தளத்து வீடியோக்களில் நடந்த மாதிரி நடக்கவில்லை.

எழுத்து மீன் பிடிக்கும் விளையாட்டில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள், "இதுக்குப் பேரு தூண்டிலா சார்?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போனார்கள். மிருக முகமூடி விளையாட்டு அன்று, முகமூடி மாட்டிய கையோடு ஒரு சிங்கமும் இரண்டு முயல்களும் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டன. சத்துணவு சமைக்கும் அமுதவல்லி, கையில் கரண்டியோடு போய் மூன்றையும் பிடித்து வந்தார்.

"சார், உங்க காட்டுல கொஞ்சம் கதவு போடுங்க" என்றார்.

இதையெல்லாம் சார் பொறுத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. அபிநிதி பேசவில்லை.

அபிநிதி இரண்டாம் வகுப்பு. ஜன்னல் ஓரம் உட்காருவாள். அட்டையைக் காட்டினால் அட்டையைப் பார்ப்பாள். சாரைக் காட்டினால் சாரைப் பார்ப்பாள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அவள் வாயிலிருந்து ஓர் எழுத்து வரவில்லை. சார் அவளுடைய பதிவேட்டில் 'பேசுவதில்லை' என்று எழுதினார்.

அவள் அம்மா சகாயராணி இறால் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கு வந்தார்.

"வீட்டுல பேசுவா சார்."

"இங்க பேச மாட்டேங்குறாளே அம்மா."

"சிறப்புப் பள்ளியில சேர்த்துரு, டவுன்ல இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அங்கயே தங்கிப் படிக்கணுமாம். அரைப் பரீட்சை வரைக்கும் பாக்குறேன் சார். அதுக்கப்புறம் கொண்டு போயிருவேன்."

சொல்லிவிட்டு சகாயராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. ஓடினார்.

அன்று சாயங்காலம் சவரிமுத்து சார் நசீமாவுக்கு எழுதினார்: 'டீச்சர், ஒரே ஒரு கேள்வி. நேரில் கேட்க வேண்டும்.'

பதில் வந்தது: 'வாங்க.'

ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத்தான் மூன்று பஸ் மாறிப் போனார்.

பெரிய திரையும் வண்ணச் சுவரும் இருக்கும் என்று நினைத்துப் போனார். ஓட்டுக் கட்டிடம். சுவரில் ஒரே ஒரு படம் இருந்தது, அதுவும் பாதி கிழிந்தது. வாசலில் பதினெட்டுப் பிள்ளைகள் வெறுங்காலோடு நின்றார்கள். நடுவில் செருப்புக் குவியல். ஒரு பெண் குழந்தை ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் பிடித்து, "இது யாருடைய செருப்பு?" என்று கேட்டாள். பதில் சொன்னவன் தரையில் சாக்பீஸால் எழுதினான்: 'இது கதிரவன் செருப்பு.' கதிரவன் படித்துப் பார்த்து, 'ரு' தப்பு என்று சண்டைக்குப் போனான்.

ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தார். முப்பத்து நான்கு வயதுதான் இருக்கும். அவர்தான் நசீமா. சாருடைய மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அவ்வளவே.

"செருப்பைக் கழட்டிக் குவியல்ல போடுங்க சார்" என்றார்.

சார் போட்டார். அது யாருடையது என்று பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய செருப்பு அங்கே வேறு இல்லை.

"இது புதுச் செயல்பாடா டீச்சர்? உங்க தளத்துல இல்லையே?"

"மூணு வாரமா இதுதான் நடக்குது. இன்னும் முடியல. முடிஞ்சாத்தான் தளத்துல போடுவேன்."

"முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கும்போது ஒண்ணையே மூணு வாரமா?"

"அந்த முந்நூற்றுப் பன்னிரண்டும், இந்தப் பிள்ளைங்களும் இவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் விளையாடி முடிச்சது சார்."

மதிய இடைவேளையில் சார் பையைத் திறந்து அட்டைகளை எடுத்து வைத்தார். நசீமா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு அழகா வெட்டியிருக்கீங்க. நான் கோணல் மாணலாத்தான் வெட்டுவேன்" என்றார்.

"டீச்சர், கேள்வி இதுதான். இத்தனையில எதை என் பிள்ளைங்களுக்குச் செய்யணும்? ஒரு பிள்ளை பேச மாட்டேங்குது. டிசம்பர் வரைக்கும்தான் எனக்கு நேரம். எது சரியா வேலை செய்யும்னு சொல்லுங்க, அதை மட்டும் செய்றேன்."

நசீமா அட்டைகளை அடுக்கி வைத்தார்.

"உங்க வகுப்புல இடது கையால எழுதுறது யாரு சார்?"

சார் யோசித்தார். "கவனிக்கல."

"இந்த வாரம் பல்லு விழுந்தது யாருக்கு?"

"தெரியல டீச்சர்."

"இன்டர்வெல்ல என்ன விளையாடுறாங்க?"

"இன்டர்வெல்ல நான் அடுத்த பீரியடுக்கு அட்டை வெட்டிட்டு இருப்பேன்."

நசீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாருக்கும் வந்தது. அவர் சிரித்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"சார், முந்நூற்றுப் பன்னிரண்டு எடுத்துட்டீங்க. நீங்க ஒண்ணு போடுங்க. அப்புறம் உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன்."

"எனக்கு ஒண்ணும் வராது டீச்சர். அதனாலதான் உங்களைத் தேடி வந்தேன்."

"ஒண்ணு போதும்" என்றார் நசீமா. மணி அடித்தது. அவர் செருப்புக் குவியலுக்குப் போய்விட்டார்.

சார் வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தார். இரண்டு நாள் யோசித்து ஒரு செயல்பாடு தயாரித்தார். அம்புக்குறி, கட்டம், நான்கு நிறம். அனுப்பினார்.

நசீமாவிடமிருந்து ஒரு வரி வந்தது: 'இதைச் செஞ்சப்போ யார் சிரிச்சா?'

அதை அவர் இன்னும் வகுப்பில் செய்யவே இல்லை. மறுநாள் செய்தார். யாரும் சிரிக்கவில்லை. கட்டத்தை மாற்றி, இன்னொரு முறை செய்தார். ஒரு பையன் சிரித்தான். அதை எழுதி அனுப்பினார்.

மறுபடி ஒரு வரி: 'யாருக்குப் புரியல?'

'எல்லாருக்கும் புரிந்தது' என்று அனுப்பினார்.

அதற்குப் பதிலே வரவில்லை.

சாருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சின்னப் பெண்ணிடம் போய்க் கேட்டோமே என்றுகூடத் தோன்றியது. மறுநாள் இன்டர்வெல்லில் அட்டை வெட்ட மனம் வரவில்லை. கத்தரிக்கோலை உள்ளே போட்டுவிட்டு, வகுப்பறைப் படியில் வந்து சும்மா உட்கார்ந்தார்.

மைதானத்தில் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்கிப்பிங் கயிற்றை வளையமாகக் கட்டி, அதற்குள் எட்டுப் பிள்ளைகள். முன்னால் நின்ற பையன் சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்திருந்தான். இடது கையால் தட்டைத் திருப்பினான். இடதுகைக்காரன் இவன்தான் என்று சார் மனதில் குறித்துக்கொண்டார். பஸ் வேப்ப மரத்தைச் சுற்றியது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வழியில நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க! சர்ச் முக்கு எல்லாம் இறங்கு! அடுத்து ஐஸ் கம்பெனி, தோணித்துறை, நாலு ரோடு, பனைவிளை விலக்கு, உப்பளம்! சில்லறையா குடுங்கம்மா, சில்லறையா குடுங்க!"

கண்டக்டரின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

கண்டக்டர் அபிநிதி.

சார் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அந்தக் குரல் நின்றுவிடுமோ என்று பயந்தார். இன்டர்வெல் முடிந்து மணி அடிக்கிற நேரம் வந்தும் அவர் அடிக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "சார்?" என்றார். சார் உதட்டில் விரலை வைத்தார்.

அன்று மாலை சில அட்டைகளைத் திருப்பிப் போட்டார். ஒவ்வொன்றின் வெள்ளைப் பின்பக்கத்திலும் பெரிய எழுத்தில் ஒரு நிறுத்தத்தின் பெயரை எழுதினார்.

மறுநாள் பிள்ளைகளிடம் சொன்னார். "உங்க பஸ்ல நானும் வரலாமா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டிரைவர் பையன் யோசித்துவிட்டு, "இடம் இருக்கு சார். ஆனா குனிஞ்சு வரணும்" என்றான்.

மைதானத்தைச் சுற்றி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பெயர்ப் பலகையைப் பிடித்து நின்றார்கள். குழாயடி ஐஸ் கம்பெனி ஆனது. கொடிக்கம்பம் நாலு ரோடு. பயணிகளுக்கு டிக்கெட் எழுதித் தருவது கண்டக்டர் வேலை. அபிநிதி நோட்டுப் புத்தகத்தைக் கிழித்து ஒவ்வொன்றாக எழுதினாள். எந்த எழுத்தில் சந்தேகம் வந்தாலும் பலகையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள். சாருக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தாள். பேசவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

பஸ் புறப்பட்டது. சார் கயிற்றுக்குள் குனிந்து ஓடினார். கண் முழுக்கக் கண்டக்டர் மேல் இருந்தது. குழாயடியில் நாலு பேர் இறங்கினார்கள். கூட்டத்தோடு கூட்டமாக அவரும் இறங்கிவிட்டார்.

"சார்!"

அவர் திரும்பினார்.

"டிக்கெட்டைக் காட்டுங்க" என்றாள் அபிநிதி.

காட்டினார்.

"இது ஐஸ் கம்பெனி. இங்க எதுக்கு இறங்குனீங்க? எழுதிக் குடுத்திருக்கேன்ல? எழுத்துக் கூட்டிப் படிங்க சார்."

பஸ் முழுக்கச் சிரித்தது. சார் டிக்கெட்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்தார். எழுத்துகள் ஏனோ கலங்கித் தெரிந்தன.

"உ... ப்... ப..."

"ம், அப்புறம்?"

"தெரியல டீச்சர்" என்றார்.

"ளம்! உப்பளம்! ஏறுங்க ஏறுங்க, பஸ் நிக்காது!"

ஏறினார். உப்பளம் வரைக்கும் போனார். இறங்கும்போது வேலியோரம் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தார். சகாயராணி. ரேஷன் கார்டு நகல் ஒன்றைக் கொடுக்க வந்தவர், கேட்டுக்குள் வராமல் அங்கேயே நின்றிருந்தார்.

சார் அவரிடம் போனார். மூச்சு வாங்கியது.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தப் பஸ்லதான் சார் போவோம்" என்றார் சகாயராணி. "அவங்க அப்பா உப்பளத்துலயே தங்கி வேலை பாக்குறாங்க. போற வழியெல்லாம் கண்டக்டரையே பாத்துக்கிட்டு வருவா."

சார் தலையாட்டினார்.

"பேசுவான்னு நான் சொன்னேன்ல சார். நீங்கதான் நம்பல."

சார் உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தார். 'பேசுவதில்லை' என்ற அந்த வரியைச் சகாயராணி முன்னாலேயே அடித்தார். அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தார்.

"கண்டக்டர்னு எழுதுங்க சார்" என்றார் சகாயராணி.

எழுதினார்.

அன்றைக்கே எல்லாவற்றையும் நசீமாவுக்கு அனுப்பினார். இந்த முறை அம்புக்குறியும் இல்லை, நிறமும் இல்லை. நடந்ததை அப்படியே எழுதினார்.

கேள்வி வந்தது: 'யார் சிரிச்சா?'

'எல்லாரும். என்னைப் பார்த்து.'

'யாருக்குப் புரியல?'

'எனக்கு.'

அரை மணி நேரத்தில் அது தளத்தில் ஏறிவிட்டது. முந்நூற்றுப் பதின்மூன்று: 'எங்கள் ஊர் பஸ்'. அடியில் சவரிமுத்து சாரின் பெயரும், இரண்டாம் வகுப்பு அபிநிதியின் பெயரும், இருவருக்கும் கீழே அந்த ஒரு வார்த்தையும் இருந்தன: 'எடுத்துக்கொள்ளுங்கள்.'

நிறையப் பேர் எடுத்துக்கொண்டார்கள். எங்கெங்கோ இருக்கிற பள்ளிக்கூடங்களில் பஸ் ஓடியது. ஒரு பள்ளியில் பஸ் பிரேக்டவுன் ஆகி எல்லாரும் இறங்கித் தள்ளினார்களாம். அரைப் பரீட்சை வந்தது, போனது. அபிநிதி எங்கும் போகவில்லை. பாடத்தைப் படிக்கச் சொன்னால் இப்போதும் குரல் இறங்கித்தான் வரும். ஆனால் வரும்.

ஜனவரியில் ஒரு நாள் நசீமா சாருடைய பள்ளிக்கு வந்தார். பஸ்ஸில் ஏற வேண்டும் என்று வந்தார். அபிநிதி அவருக்கு 'தோணித்துறை' டிக்கெட் கொடுத்தாள். நசீமா சரியான நிறுத்தத்தில் இறங்கினார். சார் தன் பக்கத்தில் இருந்த தலைமையாசிரியையிடம், "அவங்க கெட்டிக்காரங்க" என்றார்.

பிறகு அமுதவல்லி கொண்டுவந்து வைத்த டீயோடு சாரும் நசீமாவும் வகுப்பறையில் உட்கார்ந்தார்கள். சாருடைய போன் அடித்தது. புது நம்பர்.

"வணக்கம் சார், என் பேரு லிங்கேசன். மலை மேல ஒரு பள்ளிக்கூடத்துல இருக்கேன். நெட்ல உங்க பஸ் செயல்பாடு பாத்தேன்."

சாருக்கு முகம் மலர்ந்தது. நசீமாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நாலு நாளா முயற்சி பண்றேன் சார். நடக்க மாட்டேங்குது. எங்க ஊருக்குப் பஸ்ஸே வராது. கண்டக்டர்னா என்னன்னு பிள்ளைங்களுக்குத் தெரியல. கயித்துக்குள்ள நிக்கச் சொன்னா சும்மா நிக்குறாங்க."

"பஸ் படம் இருக்கு, அனுப்பட்டுமா?" என்றார் சார்.

"காட்டிட்டேன் சார்."

"வீடியோ?"

"அதுவும் காட்டிட்டேன். பாத்துட்டு மறுபடியும் நிக்குறாங்க." லிங்கேசனின் குரல் தளர்ந்தது. "புதுசா வேலைக்கு வந்தவன் சார் நான். ஏழு பிள்ளைங்க. உங்க பிள்ளைங்க மாதிரி ஒரு தடவை சத்தம் போட்டாப் போதும் எனக்கு."

சார் போனைக் கையால் மூடினார். முகத்தில் மலர்ச்சி போய்விட்டது.

"என்ன டீச்சர் சொல்றது? தளத்துல இருந்து எடுத்துருவோமா? இல்ல, அதுல வேற ஒண்ணை எடுத்துச் செய்யச் சொல்லட்டுமா? எதைச் சொல்றது?"

நசீமா டீயை ஆற்றிக் குடித்தார்.

"பஸ் வராதுன்னு சொல்லிட்டாரு. சரி. அவங்க ஊருக்கு வேற என்ன வரும்னு கேளுங்க."